பத்தாவது கார்டு

ஹென்றி தன் கடைக்கு வருகிறவர்களை "வாங்க" என்று அழைத்ததே இல்லை. போகிறவர்களிடம் "போயிட்டு வாங்க" என்றும் சொன்னதில்லை. ஆள் படியேறினால் எழுந்து நிற்பார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். தலையை ஒருமுறை அசைப்பார். சாமான் லோரியில் ஏறியதும் மறுபடியும் ஒரு தலையசைப்பு, அத்தோடு சரி. சவப்பெட்டிக் கடையில் வேறு எந்த மாதிரி உபசாரம் பண்ண முடியும்? மறுபடியும் வாருங்கள் என்று சொல்லிவிட்டு முழு உடம்போடு வீட்டுக்குப் போக முடியுமா?

இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பழக்கம் கடையைத் தாண்டியும் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீடானாலும் ஞானஸ்நான விருந்தானாலும், "வரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து வந்துவிடுவார். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளூர நிம்மதிப்பட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எவரோடு பேசினாலும் முகத்தை மட்டும் பார்த்துப் பேசுவார். பார்வை தலையிலிருந்து கால்வரை ஒருமுறை இறங்கிவிட்டால் போதும், ஐந்தடி ஏழு, தோள் இருபது என்று கண் தானாக அளவெடுத்து முடித்துவிடும். உயிரோடு நிற்கிற மனுஷனை அப்படிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம்.

ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவின் சேலைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் பின்பக்கமாக ஓடுகிற ஒரு சந்தில் இருந்தது கடை. கீழே பட்டறை, மேலே வீடு. வேலையில் பாதி அவர் மனைவி அன்னமேரியுடையது. பெட்டியின் பக்கப் பலகை தோள் வரும் இடத்தில் வளைய வேண்டும். அதற்கு உள்பக்கத்தில் நெருக்கமாக ஐந்தாறு வெட்டு போடுவார் ஹென்றி, பலகையின் பாதிக் கனத்தைத் தாண்டாமல். அன்னமேரி மேலேயிருந்து கொதிக்கிற கெட்டிலோடு இறங்கி வருவாள். அவள் வெட்டுகளின்மேல் வெந்நீரை ஊற்ற, மெராந்திப் பலகை ஊறி வாசம் கிளம்பும் நேரம் பார்த்து இவர் முட்டியைக் கொடுத்து வளைப்பார். தண்ணீர் ஆறினாலும் பலகை தெறிக்கும், கை அவசரப்பட்டாலும் தெறிக்கும். கெட்டிலில் மிச்சமிருக்கிற வெந்நீரில்தான் இருவருக்கும் பத்து மணிக் கோப்பி.

அதற்கப்புறம் உள்வேலை. மரச்சீவலைத் துணிப்பையில் அடைத்துத் தலையணை தைப்பாள் அன்னமேரி. வெள்ளை சாட்டின் துணியை மடிப்பு மடிப்பாக வைத்து ஓரம் முழுக்க அடிப்பாள். ஒரு மடிப்பு கோணினாலும் மொத்தத்தையும் பிரித்துவிடுவாள்.

"படுக்கப் போறவங்க எழுந்து வந்து கம்ப்ளைன் பண்ண மாட்டாங்க மேரி," என்பார் ஹென்றி.

"அதனாலதான் நாம பாத்துச் செய்யணும்," என்பாள் அவள்.

பட்டறையின் மூலையில் வார்னிஷ் பூசாத ஒரு பெட்டி எப்போதும் நிற்கும். கேட்பாரில்லாமல் ஆஸ்பத்திரியிலோ முதியோர் இல்லத்திலோ யாராவது இறந்துபோனால் பங்குச் சாமியார் போன் பண்ணுவார். ஹென்றி அதை அனுப்பிவிட்டு, மறுநாளே இன்னொன்று செய்து அதே மூலையில் நிறுத்திவிடுவார். அதற்கு விலை கிடையாது. வீட்டுக்குள் அதன் பெயர் கோயில் பெட்டி. எந்தச் சாமியார் காலத்தில் ஆரம்பித்தது என்பது அவருக்கே மறந்துபோயிற்று. இப்போது இருப்பவர் நான்காமவர். வேறு யாருக்கும் இது தெரியாது, தெரிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை.

ஜூலையில் கடுதாசி வந்தது. கட்டடம் கைமாறிவிட்டது, வாங்கிய கம்பெனி அங்கே ஹோட்டல் கட்டப் போகிறது, செப்டம்பர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். படுக்க ஓர் அறை எங்கும் கிடைத்துவிடும். பட்டறைக்கு இடம் யார் கொடுப்பார்கள்? சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மகன், "மூடிட்டு வந்துருங்கப்பா" என்றான். அவனே ஒரு வீட்டில் ஓர் அறையை இரண்டு பேரோடு பகிர்ந்துகொண்டு இருக்கிறவன்.

அந்த நேரத்தில்தான் கோயிலில் 'விசுவாசமும் தொழிலும்' என்ற குழு சூடுபிடித்திருந்தது. சொந்தத் தொழில் செய்கிற பங்கு மக்கள் சனிக்கிழமை தோறும் இரண்டு மணிக்குக் கோயில் கூடத்தில் கூடுவார்கள். நடத்துகிறவள் பெவர்லி. பேங்கில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு இப்போது கேக் கடை வைத்திருப்பவள். நல்ல மனசுக்காரி, அதைச் சொல்லியாக வேண்டும். ஹென்றிக்கு இ-இன்வாய்ஸ் என்றால் என்ன என்று தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இருந்தபோது, மூன்று நாள் பட்டறையில் மரத்தூளுக்கு நடுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் போனிலேயே செய்து கொடுத்தவள் அவள்தான்.

"ஞாயித்துக்கெழம மட்டும் கிறிஸ்தவன், திங்கக்கெழம யாவாரின்னு ரெண்டா இருக்கக் கூடாது லா. ஒங்க கடையும் ஒரு பீடந்தான்," என்று அவள் முதல் கூட்டத்தில் சொன்னபோது ஹென்றி மூலையில் நிற்கிற பெட்டியை நினைத்துக்கொண்டார். எழுந்து சொல்லத் தெரியவில்லை.

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. வட்டத்தின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு ஒருவரை உட்கார வைத்து, மற்றவர்கள் தலையிலும் தோளிலும் கை வைத்து அவர் தொழிலுக்காகச் செபிப்பார்கள். கடைசிச் செபம் நாற்காலியில் இருப்பவருடையது. பெவர்லிக்கு ஆர்டர் பெருகட்டும் என்று செபித்தார்கள். ஏர்கான் கம்பெனி வைத்திருக்கும் ஜெரமிக்காக வெயிலே இன்னும் கொஞ்சம் கூடட்டும் என்றுகூடச் செபித்தார்கள். ஹென்றியின் முறை வந்தது.

"ஆண்டவரே, ஹென்றி அண்ணனோட தொழில நீர் பெருகச்…" என்று ஆரம்பித்த பெவர்லி பாதியில் நின்றுவிட்டாள். தலையில் இருந்த கைகள் எல்லாம் லேசாகத் தூக்கிக்கொண்டதை ஹென்றி உணர்ந்தார். "…அவருக்கு நல்ல சொகத்தக் குடும்," என்று அவள் முடித்தாள். எல்லோரும் வழக்கத்தைவிடச் சத்தமாக "ஆமென்" என்றார்கள். கடைசிச் செபத்துக்கு ஹென்றி வாயைத் திறக்கவில்லை. என்னத்தைக் கேட்பது? சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆனாலும் ஆகஸ்டில் கதவு திறந்தது. இடம் வேண்டும் என்று ஹென்றி தயங்கித் தயங்கிச் சொன்னதும் ஜெரமி எழுந்தார்.

"மாக் மண்டின்ல எனக்கு ஒரு ஷாப்லாட் கோசோங்கா கெடக்குது அண்ணே. ரெண்டு வருஷமா பூட்டித்தான் வச்சிருக்கேன். நீங்க எடுத்துக்குங்க லா. சுத்தி எல்லாம் வெல்டிங்கு, இரும்புப் பட்டறை. ஒங்க ரம்பச் சத்தம் யாருக்கும் கேக்காது."

எல்லோரும் கைதட்டினார்கள். பெவர்லிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரமே ஜெரமி கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குக் கூட்டிப்போய் மாக் மண்டின் இடத்தைத் திறந்து காட்டினார். சாவியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வில்லை தொங்கியது. ஹென்றி டேப்பை எடுத்து வாசலை அளந்தார். பெட்டி திரும்புவதற்குத் தாராளமாக இடம் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார், கங்கோங் கீரைப் பிரட்டலும் நெத்திலி சம்பாலும் போட்டு.

செப்டம்பர் தொடக்கத்தில் மாதா திருவிழா வந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை பெவர்லி எல்லோருக்கும் வீட்டுப்பாடம் கொடுத்தாள். திருவிழாவில் ஆளுக்குப் பத்து பேரிடம் தங்கள் நேம் கார்டைக் கொடுக்க வேண்டும். "செய்யற தொழில ஒளிச்சு வச்சா ஆண்டவருக்கு மகிமை இல்ல," என்றாள். ஹென்றியிடம் கார்டு இல்லை என்று தெரிந்ததும் தானே காசு போட்டு நூறு கார்டு அடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்னமேரி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். மேலே சிலுவை. நடுவில் ஹென்றியின் பெயர், தொழில், போன் நம்பர். அடியில் சாய்வெழுத்தில் ஒரு வரி: உங்களுக்காக அன்போடு காத்திருக்கிறோம்.

"என்னங்க இது?"

"பெவர்லி கேக் கடைக் கார்ட வச்சு அடிச்சிருக்கு. அதுல இருந்த வரி அப்படியே வந்துருச்சு."

"கேக்குக்குக் காத்திருக்கலாம். நீங்க எதுக்குங்க காத்திருக்கீங்க?"

"சிரிக்காத மேரி."

"நான் எங்க சிரிச்சேன்? இதக் கொண்டுபோய் யாருகிட்ட நீட்டுவீங்க? மூஞ்சியிலயே துப்புவாங்க."

"வேணாம்னு எப்படிச் சொல்றது? சொந்தக் காசு போட்டிருக்கு அந்தப் பொண்ணு. நான் மட்டும் செய்யலன்னா, ஒத்துழைக்க மாட்டேங்கறாருன்னு நெனப்பாங்க. ஜெரமியும் அங்கதான இருக்காப்ல. அக்ரிமென்ட்டு இன்னும் கையெழுத்தாகல."

"அப்ப பயத்துல குடுக்கப் போறீங்க."

"ஆமா," என்றார் ஹென்றி.

திருவிழாப் பூசை முடிந்ததும் அவர் புத்திசாலித்தனமாகத்தான் ஆரம்பித்தார். ஏற்கெனவே தன்னைத் தெரிந்தவர்களாகப் பார்த்துக் கொடுத்தார். பூக்கடைக்காரர், பந்தல் போடுகிறவர், பேண்டில் ஊதுகிற நான்கு பேர், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற இரண்டு பேர், சவ ஊர்தி ஓட்டுகிறவர் என்று ஒன்பது கார்டு தீர்ந்தது. பத்தாவதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இதை வீட்டில் வைத்துவிட்டுக் கொடுத்தேன் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஜெரமியின் அப்பா சவரிமுத்து கூப்பிட்டார். எண்பத்தொரு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். காது கொஞ்சம் மந்தம், வாய்க்கு மட்டும் வயசாகவில்லை.

"என்னா ஹென்றி, எல்லாருக்கும் கல்யாணப் பத்திரிக மாதிரி குடுத்துக்கிட்டு வர்ற, நமக்கு இல்லியா?"

"ஒங்களுக்கு எதுக்கு மாமா? இது சும்மா, குழுவுல குடுக்கச் சொன்னாங்க."

"ஏன், நான் மட்டும் இங்கயே குந்தியிருக்கப் போறனா? குடு லா."

பக்கத்தில் பெவர்லி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "குடுங்கண்ணே, பத்தாவது!" என்றாள். ஹென்றி கொடுத்தார். கிழவர் கார்டைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்து, கடைசி வரிக்கு வந்ததும் பல்செட் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். "காத்திரு, காத்திரு, நல்லாக் காத்திரு!" என்று சொல்லிக் கார்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அந்தப் படம் குழுவின் வாட்ஸ்அப்பில் போனது. ஹென்றி அண்ணன் பத்தும் முடித்துவிட்டார் என்று பெவர்லி எழுதியிருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் சவரிமுத்து குளியலறைக்குப் போகிற வழியில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிய நர்ஸ், பையில் இருந்ததை எல்லாம் எடுத்து ஜெரமியின் கையில் கொடுத்தாள். ஒரு கண்ணாடி, ஒரு செபமாலை, ஒரு கார்டு.

சேதி கேட்டதும் ஹென்றி சட்டையை மாட்டிக்கொண்டு அன்னமேரியோடு கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரிக் கார் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் கால் நின்றது. மேலே போனால், பெட்டிக்காரன் வந்துவிட்டான் என்பார்கள். போகாவிட்டால், இடம் கொடுத்த மனுஷனின் அப்பாவை எட்டிப் பார்க்கவில்லை என்பார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கஞ்சித் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு அன்னமேரி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க இங்கயே இருங்க. நான் போயிட்டு வர்றேன்."

அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"உசுருக்கு ஒண்ணும் இல்லியாம். இடது கையிதான் வரல. பேச்சும் கொழறுது."

"ஜெரமி என்னா சொன்னாப்ல?"

"ஒண்ணும் சொல்லல. பிரமிளாதான் கேட்டுச்சு, ஹென்றி அண்ணன் வரலியான்னு. வரலன்னேன்."

"அதுக்கு?"

"நல்லது, அப்படின்னுச்சு." பிரமிளா ஜெரமியின் மனைவி. அன்னமேரி மேலும் சொன்னாள்: "ஒங்க கார்டு அந்தக் கட்டில் பக்கத்து மேசையில கெடந்துச்சுங்க. யாரும் அதத் தொடல. குப்பையில போடவும் பயம்போல."

கிழவர் பிழைத்துச் சக்கர நாற்காலியில் வீடு திரும்பினார். ஹென்றி கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். ஆனால் ஜெரமியின் போன் வந்தபோது அதில் என்ன இருக்கும் என்று எடுக்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

"அண்ணே, அந்த ஷாப்லாட்டு விசயம். வயரிங் எல்லாம் பழசு அண்ணே. கரையான் வேற. நீங்க மரம் வைக்கிற எடம், ஒத்து வராது."

"கரையான் மருந்து நான் அடிச்சுக்குறேன் ஜெரமி. வயரிங் நான் பாத்துக்குறேன்."

"இல்லண்ணே… கவுன்சில் பெர்மிட்டும் கஷ்டம் போலருக்கு."

"நான் கேட்டேனே, அங்க பட்டறைக்குப் பெர்மிட்டு உண்டுன்னாங்களே."

ஜெரமி தாழ்ந்த குரலில், "அண்ணே, நான் சகுனம் பாக்குற ஆளு இல்ல. ஒங்களுக்கே தெரியும். நாம கிறிஸ்தவங்க," என்றார்.

"தெரியும்."

"ஒங்களுக்காகச் செபம் பண்றேண்ணே."

"சரி ஜெரமி."

ஹென்றிக்குக் கோபம் வந்தது, ஆனால் அதை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. ஜெரமி நெஞ்சாரப் பயந்து போயிருக்கிறார். பயத்தை ஒப்புக்கொண்டால் விசுவாசம் போய்விடும், அதனால் கரையான் மேல் பழி போடுகிறார். சகுனம் பார்க்கிறேன் என்று நேராகச் சொல்லியிருந்தால் அதற்கு ஒரு பதில் இருக்கும். வராத கரையானுக்கு என்ன மருந்து அடிப்பது?

மிச்சமிருந்த நாட்களில் தரகர் இக்மல் மூன்று இடம் காட்டினான். முதல் இடத்தில் வீட்டுக்காரர், "என்னா சாமான் போடுவீங்க?" என்றார். மரச்சாமான் என்றார் ஹென்றி. "என்னா மரச்சாமான்?" என்றதோடு அது முடிந்தது. இரண்டாவது இடத்து முதலாளியான சீனத் தவுக்கே சரி என்றுவிட்டார், பக்கத்துக் கார் உபகரணக் கடைக்காரர் ஆள் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்றாவதின் வாசல் குறுகல், பெட்டி திரும்பாது. "சோரி அங்கிள்," என்றான் இக்மல். அவன் ஒருவன்தான் வாய்விட்டு வருத்தம் சொன்னவன்.

குழுவில் அந்த விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. சனிக்கிழமை தோறும் நாற்காலியில் உட்கார வைத்துச் செபித்தார்கள். செபம் வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டே போனது. ஜெரமியின் கையும் மற்றவர்களுடைய கையோடு அவர் தோளில் இருந்தது.

மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலையிலேயே ஹோட்டல் கம்பெனியின் ஆட்கள் சுத்தியலோடு வந்து சந்தில் குந்திவிட்டார்கள். ஒரு மணிக்குக் கதவை ஒப்படைக்க வேண்டும். வீட்டுச் சாமான்களைத் தெரிந்தவர் வீட்டில் போட்டாயிற்று. ரம்ப மேசையை முந்தின நாளே இரும்பு விலைக்குக் கேட்டவர்களிடம் தள்ளிவிட்டிருந்தார். மிச்சம் ஏழு முடிந்த பெட்டிகள், கோயில் பெட்டி ஒன்று, சாட்டின் சுருள்கள், கெட்டில். லோரி சுகுமாரனுடையது. பட்டர்வொர்த்தையும் தாண்டித் தெற்கே இருக்கிற நிபோங் திபால்காரன், வருஷக்கணக்காக ஹென்றிக்குப் பலகை ஏற்றி வருகிறவன்.

"அண்ணே, நான் அன்னிக்குச் சொன்னதுதான். எங்க வீட்டுப் பின்னால, செம்பனைத் தோட்டத்து ஓரமா ஆட்டுக் கொட்டாய் சும்மா கெடக்குது. ஆடெல்லாம் வித்தாச்சு. கரண்டு இல்ல, தகரம் மட்டும் நல்லாருக்கு."

"அங்க வச்சா யாவாரம் எப்படித் தம்பி பண்றது? சாவு வீட்டுல போன் பண்ணா ரெண்டு மணி நேரத்துல பெட்டி நிக்கணும். அங்கேர்ந்து கடல் பாலத்து ஜாம்ல நான் வந்து சேர்றதுக்குள்ள வேற எடத்துல வாங்கிருவாங்க."

"அப்ப எங்கதான் கொண்டுபோறது? லோரியிலயே வச்சுக்கிட்டு ஊரச் சுத்தவா?"

ஹென்றி கடைசிப் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினார். ஏற்றி முடித்துக் கதவை ஒப்படைத்தபோது இரண்டு மணி தாண்டியிருந்தது. சந்தின் முனையைத் தாண்டுவதற்குள் கடல் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டியது. மேலே போட்டிருந்த தார்ப்பாய் பழசு. காற்றில் ஒரு மூலை கிழிந்து படபடவென்று அடித்தது. பின்னால் திரும்பிப் பார்த்த அன்னமேரி அலறினாள்.

"துணி நனையுதுங்க! பெட்டிக்குள்ள தண்ணி போகுது! எங்கயாச்சும் ஓரங்கட்டச் சொல்லுங்க!"

லோரி நுழைகிற மாதிரி உயரமான கூரை பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. கோயில் கூடத்தின் முகப்பு.

உள்ளே குழு கூடியிருந்தது. பதினோரு பேர். மேடையில் ரோஜாத் தோரணமும் இரண்டு அலங்கார நாற்காலியும் போட்டிருந்தார்கள். லோரிச் சத்தம் கேட்டுப் பெவர்லி ஓடிவந்தாள். பின்னால் அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் கை தானாக வாய்க்குப் போயிற்று.

"அண்ணே… நாலு மணிக்குக் கல்யாணம் லா. பொண்ணு ஏறி வர்ற காடி இங்கதான் வந்து நிக்கும்."

"எறக்க மாட்டேன் பெவர்லி. மழ விட்டதும் போயிருவோம். சாமியார் இருக்காரா?"

"ஈப்போ போயிருக்காரு. செவ்வாக்கெழமதான் வருவாரு." அவள் குரல் உடைந்தது. "வாங்கண்ணே. உள்ள வந்து உக்காருங்க. மொதல்ல ஒங்களுக்காகச் செபிப்போம்."

நனைந்த சட்டையோடு ஹென்றி நடு நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் வந்து தலையில் அமர்ந்தன. ஆண்டவரே கதவைத் திறந்துவிடும் என்றார் ஒருவர். பூட்டின கதவெல்லாம் திறக்கும் என்றார் இன்னொருவர். ஹென்றி கண்ணை மூடவில்லை. தன்னைச் சுற்றி நின்ற செருப்புகளையும் ஷூக்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை கைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து ஓடக்கூட முடியாது என்று தோன்றியது.

"அண்ணே, இன்னிக்காவது நீங்க ஒரு வார்த்த செபம் பண்ணுங்க," என்றாள் பெவர்லி.

ஹென்றி தொண்டையைச் செருமினார்.

"ஆண்டவரே, இங்க இருக்கிற எல்லாருக்கும் நல்ல சொகத்தக் குடும். தீர்க்காயுசு குடும். சவரிமுத்து மாமாவுக்குத் தொண்ணூறு குடும், நூறு குடும். யாருக்கும் அவசரம் வேணாம். ஆனா என்னிக்காச்சும் ஒருநாள் இவங்க வீட்டுலேர்ந்து யாராச்சும் என்னைத் தேடுவாங்க. அன்னிக்கு நான் எங்க இருக்கேன்னு இவங்களுக்குத் தெரியணும். அதுக்கு எனக்கு ஒரு எடம் குடும்."

கைகள் ஒவ்வொன்றாக விலகின.

"ஆமென்," என்றது ஒரு குரல். கதவருகில், நனைந்த சாட்டின் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற அன்னமேரியின் குரல்.

ஜெரமி எழுந்தார். முகம் சிவந்திருந்தது. கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். கொத்தில் அந்தச் சிவப்பு வில்லை தொங்கியது. ஹென்றி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். பெவர்லிகூட ஜெரமியையே பார்த்தாள்.

"அண்ணே," என்றார் ஜெரமி. சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "என் காடி ஒங்க லோரி திரும்பற எடத்துல நிக்குது. ரிவர்ஸ் எடுக்க முடியாது. நான் எடுத்து வுடறேன்."

ஹென்றி தலையசைத்தார். எழுந்து வெளியே போய், "தம்பி, அந்த ஓரத்துல இருக்கறத மட்டும் எறக்கு," என்றார். சுகுமாரனும் அவருமாக வார்னிஷ் பூசாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார்கள். நாற்காலிகள் விலகி வழிவிட்டன. மேடைக்குப் பக்கத்தில் மடக்கு மேசைகள் அடுக்குகிற அறை இருந்தது. அதன் மூலையில் அதை நிறுத்தினார்கள். மழைத்துளிகளை ஹென்றி சட்டைக் கையால் துடைத்தார்.

"அண்ணே, இது எதுக்கு இங்க?" என்றாள் பெவர்லி.

"இது கோயில் பெட்டி. யாருமே இல்லாதவங்களுக்கு. இத்தன வருசமா எங்க மூலையில நின்னுச்சு, சாமியாருக்குத் தெரியும். நான் இனிமே நிபோங் திபால்லேர்ந்து வந்து சேர நேரமாயிரும். அவங்களக் காக்க வைக்கக் கூடாது."

பெவர்லி அழுதாள். கமிட்டி, அடுத்த வாரம், ஃபாதர் வந்ததும் என்று ஏதேதோ சொன்னாள். ஹென்றிக்கு அவள்மேல் தனியாகக் கோபம் இல்லை. மொத்தமாக எல்லார்மேலும் இருந்தது, அதை மறைக்கவும் இப்போது அவருக்கு மனசில்லை. வாசல் வரை நடந்தவர் நின்று திரும்பினார். பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். முகத்தோடு நிறுத்தவில்லை. தலையிலிருந்து கால்வரை, அவசரப்படாமல், ஒருவரையும் விடாமல் பார்த்து முடித்தார். காடியை நகர்த்திவிட்டு உள்ளே திரும்பியிருந்த ஜெரமியிடம் வந்தபோது கண் கொஞ்சம் அதிக நேரம் தங்கியது.

"சரி," என்றார். "நான் போயிட்டு வரேன்."

பதிலுக்கு "போயிட்டு வாங்க" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.